ஆட்டிசம் உள்ள பிள்ளையை வளர்க்கும் விதம்



இந்த வாரப் பாடத்தை என்னுடைய குற்றம் ஒன்றைச் சொல்லித் தொடங்குகிறேன். பல வருஷங்களுக்கு முன், நான் குருப்பட்டம் பெற்ற புதிதில், வேறொரு பங்கில் ஞாயிறு பூசை செய்துகொண்டிருந்தேன். பிரசங்க வேளையில் ஒலிபெருக்கி கீச்சிட்டது. உடனே நடுவரிசையிலிருந்த ஆறு வயதுப் பையன் ஒருவன் இரண்டு காதுகளையும் பொத்திக்கொண்டு அலறினான். எழுந்தேற்ற மணி அடித்தபோது மறுபடியும் அலறினான். தாயார் எவ்வளவு அணைத்தும் அவன் அடங்கவில்லை. பூசை முடிவில் அறிவிப்புகளைச் சொல்லும்போது நான், "பிள்ளைகளை ஒழுங்காய் வளர்க்கத் தெரியாதவர்கள் அவர்களை வீட்டில் விட்டு வரட்டும்" என்று அதே ஒலிபெருக்கியில் சொல்லிவிட்டேன். எல்லாருடைய கண்களும் அந்தத் தாயார் பக்கம் திரும்பின. அவர் தலையைக் குனிந்துகொண்டு பிள்ளையோடு வெளியே போனார். பிறகு அவரைக் கோவிலில் காணவில்லை. அந்தப் பிள்ளைக்கு ஆட்டிசம் என்று சில மாதம் கழித்து உபதேசியார் சொன்னார். நான் வீடு தேடிப் போனபோது, அவர்கள் ஊரை விட்டுப் போய் மூன்று வாரமாகியிருந்தது. மன்னிப்புக் கேட்கவும் எனக்கு இடமில்லாமற் போயிற்று.

அன்று நான் செய்த தவறு யாதெனில், பிள்ளை ஏன் அலறுகிறது என்று காரணம் தேடாமல் தாயை நியாயந்தீர்த்ததே. ஆகையால் இந்தப் பாடத்தில் நீங்கள் மனதில் வைக்கவேண்டியது ஒன்றுதான்: கண்டிக்கும் முன் காரணத்தைத் தேடுங்கள்.

1. ஆட்டிசம் என்பது என்ன?

ஆட்டிசம் என்பது மூளை வளரும் விதத்தில் ஆதி முதல் அமைந்த ஒரு வேறுபாடு. இப்பிள்ளைகளுக்கு மற்றவர்களோடு பேசிப் பழகுவது கடினமாயிருக்கும். ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்வதில் விருப்பம் மிகும். சத்தம், வெளிச்சம், தொடுதல், ருசி ஆகியவை நம்மைவிட மிக அதிகமாகவோ மிகக் குறைவாகவோ அவர்களைத் தாக்கும். உலகத்தில் ஏறத்தாழ நூறு பேரில் ஒருவர் இப்படியிருக்கிறார்கள். ஆண்பிள்ளைகளிடம் அதிகமாய்க் காணப்படுகிறது. பெண்பிள்ளைகளிடம் கவனிக்கப்படாமலே போவதும் உண்டு. சிலர் வாழ்நாளெல்லாம் வாய்ப்பேச்சு இல்லாமலிருக்கிறார்கள். சிலர் படித்துப் பட்டம் பெற்று வேலை பார்க்கிறார்கள்.

நம் அரசாங்கத்து விண்ணப்பத் தாள்களில் "புற உலகச் சிந்தனையற்ற மதி இறுக்கமுடையோர்" என்று எழுதியிருப்பதைப் பார்ப்பீர்கள். அதைப் படித்து மனமுடைந்து போகாதீர்கள். அந்தப் பிள்ளைகளில் அநேகருக்குப் புற உலகம் தாங்க முடியாத அளவில் மேலே வந்து விழுகிறது. அதனாலேயே காதைப் பொத்துகிறார்கள், மூலையில் ஒதுங்குகிறார்கள்.

கவனிக்க வேண்டிய அடையாளங்கள் இவை: ஒரு வயது முடிந்தும் பெயர் சொல்லி அழைத்தால் திரும்பாமை, வேண்டிய பொருளை விரலால் சுட்டிக் காட்டாமை, 16 மாதமாகியும் ஒரு சொல்லும் பேசாமை, 2 வயதாகியும் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசாமை, பேசிக்கொண்டிருந்த சொற்களை இழந்துவிடுதல். இவற்றில் ஒன்றைக் கண்டாலும் குழந்தை வைத்தியரிடம் போங்கள். காது கேட்கிறதா என்பதையும் சோதித்துக்கொள்ளுங்கள். "இவன் அப்பனும் மூன்று வயதில்தான் பேசினான்" என்ற பேச்சை நம்பி வருஷங்களைப் போக்கிவிட வேண்டாம். சீக்கிரம் தொடங்கும் பயிற்சியே அதிகப் பலன் தரும்.

2. யார் செய்த பாவம்?

பிறவிக் குருடன் ஒருவனைக் கண்ட சீஷர்கள், இவன் செய்த பாவமா, இவன் பெற்றோர் செய்த பாவமா என்று நம் ஆண்டவரைக் கேட்டார்கள். இரண்டும் இல்லை என்றார் அவர். அருளப்பர் சுவிசேஷம் ஒன்பதாம் அதிகாரத்தில் இதை வாசிக்கலாம். ஆனால் அந்தக் கேள்வியை நாம் இன்னும் விடவில்லை. கிரகணத்தில் வெளியே போனாள், வேலைக்குப் போய்ப் பிள்ளையைக் கவனிக்கவில்லை, கைபேசியைக் கொடுத்துக் கெடுத்தாள் என்று ஏதாவதொன்றைச் சொல்லித் தாயின் தலையில் ஏற்றுகிறோம்.

படித்தவர்களும் இதே பிழையைச் செய்தார்கள். 1943-ம் வருஷம் அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து வைத்தியர் லியோ கானர், 11 பிள்ளைகளைக் கவனித்து ஆட்டிசத்தைப் பற்றி விவரமாய் எழுதினார். அதற்குப் பின் வந்த காலத்தில், தாயின் அன்பு குளிர்ந்து போனதே இதற்குக் காரணம் என்ற எண்ணம் பரவிற்று. சிக்காகோவிலிருந்த புரூனோ பெட்டல்ஹைம் 1967-ல் எழுதிய புத்தகம் அந்த எண்ணத்தை இன்னும் பலப்படுத்தியது. எத்தனையோ தாய்மார் கண்ணீர் வடித்தார்கள். ஆனால் பெர்னார்ட் ரிம்லண்ட் என்பவர், தாமே ஆட்டிசமுள்ள பையனுக்குத் தகப்பனார், இது உடலமைப்பைச் சேர்ந்த காரியம் என்று 1964-லேயே எழுதியிருந்தார். 1977-ல் இலண்டன் ஆராய்ச்சியாளர் இருவர் 21 ஜோடி இரட்டையரைப் பரிசோதித்து, இதில் பிறவி அமைப்புக்குப் பெரும்பங்கு உண்டென்று காட்டினார்கள். தாயைக் குற்றஞ்சாட்டிய கொள்கை விழுந்துபோயிற்று.

தடுப்பூசியைப் பற்றியும் ஒரு வார்த்தை. 1998-ல் இலண்டனில் ஒரு வைத்தியர் 12 பிள்ளைகளை மட்டும் வைத்து எழுதிய கட்டுரையிலிருந்து, அம்மைத் தடுப்பூசியால் ஆட்டிசம் வரும் என்ற பயம் கிளம்பியது. அதை வெளியிட்ட பத்திரிகையே 2010-ல் அதைத் தள்ளுபடி செய்தது. டென்மார்க்கில் 6,57,461 பிள்ளைகளைப் பின்தொடர்ந்து பார்த்து, தடுப்பூசிக்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று 2019-ல் வெளியிட்டார்கள். ஆகையால் பயந்து ஊசியை நிறுத்தி, தம்பி தங்கைகளை அம்மைக்கு ஒப்புக்கொடுத்துவிடாதீர்கள்.

3. வீட்டில் அன்றாடம் நேரிடும் கஷ்டங்கள்

முதலாவது, சத்தம். குக்கர் விசில், மிக்ஸி, தாழப் பறக்கும் விமானம், திருவிழா மேளம், தீபாவளி வெடி ஆகியவை நமக்குப் பழகிப்போனவை. அந்தப் பிள்ளைக்கோ காதில் ஊசி குத்துவது போலிருக்கலாம். மிக்ஸியைப் போடுமுன் சொல்லிவிட்டுப் போடுங்கள். வெடிக்கும் நாட்களில் உள்ளறையில் வைத்துக்கொள்ளுங்கள். காதை மூடும் கவசம் ஒன்று வாங்கி வைப்பது வீண் செலவல்ல.

பல்லாவரத்து வெள்ளிக்கிழமைச் சந்தைக் கூட்டத்தில் பிள்ளை தரையில் விழுந்து புரண்டால், சாக்லேட்டுக்காக அடம் பிடிக்கிற பிள்ளையைப்போல அதை எண்ணாதீர்கள். அடம் பிடிக்கிற பிள்ளை, நாம் பார்க்கிறோமா என்று கடைக்கண்ணால் கவனிக்கும். கேட்டது கிடைத்தால் அடங்கும். தாங்க முடியாமல் தவிக்கிற பிள்ளைக்குச் சுற்றிலும் யார் இருக்கிறார்கள் என்பதே தெரியாது. அப்போது கேள்வி கேட்பதும் மிரட்டுவதும் வேண்டாம். அடிபடாதபடி காத்து, கூட்டத்தை விலக்கி, சத்தமில்லாத ஓரத்துக்குக் கொண்டுபோய்ப் பொறுமையாய்க் காத்திருங்கள்.

இரண்டாவது, பேச்சு. தாகமெடுத்த பிள்ளை "தண்ணி வேணுமா?" என்று நம்மையே கேட்கும். நாம் தண்ணீர் கொடுக்கும்போதெல்லாம் அப்படிக் கேட்டதால், அந்த வார்த்தையை அப்படியே பிடித்து வைத்திருக்கிறது. கேலி செய்யாமல், "எனக்குத் தண்ணி வேணும்" என்று அதன் சார்பாகச் சொல்லிக் காட்டி, தண்ணீரைக் கையில் கொடுங்கள். பேச்சு வராத பிள்ளைக்குச் சோறு, தண்ணீர், கழிப்பறை, தூக்கம் ஆகியவற்றின் படங்களை அட்டையில் ஒட்டி வையுங்கள். அது எடுத்துக் காட்டட்டும். படம் காட்டினால் பேச்சு நின்றுபோகும் என்று பயப்பட வேண்டாம். சுருக்கமாய்ப் பேசி, பதிலுக்குப் பத்து எண்ணும் வரை காத்திருங்கள். வீட்டில் தமிழை விட்டு இங்கிலீஷ் மட்டும் பேசச் சொல்லும் பள்ளிக்கூடங்கள் உண்டு. இரண்டு பாஷை கேட்பதால் இப்பிள்ளைகளின் பேச்சு கெட்டுவிடுவதில்லை. பாட்டியோடும் தெருப் பிள்ளைகளோடும் பழகத் தமிழ் வேண்டும்.

மூன்றாவது, சாப்பாடு. தயிர்சாதம் தவிர வேறொன்றும் தொடாத பிள்ளைகள் உண்டு. வாயில் வைத்ததும் குழைவும் நரநரப்பும் அவர்களுக்கு அருவருப்பாயிருக்கலாம். வாயைப் பிடித்துத் திணித்தால் பயம்தான் கூடும். பழகிய சாதத்தோடு புதிய பதார்த்தம் சிறிதளவு தட்டோரத்தில் இருக்கட்டும். முதலில் பார்க்கட்டும், பிறகு முகரட்டும், பிறகு தொடட்டும். மாதக்கணக்கில் ஆகலாம். எடை குறைந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள்.

நான்காவது, மாற்றம். தினமும் போகும் தெருவை விட்டு வேறு தெருவில் திரும்பினால் அழும். நாளைக்கு நடப்பதை இன்றே படத்தால் காட்டுங்கள். "முதலில் குளியல், பிறகு ஊஞ்சல்" என்பதுபோல இரண்டிரண்டாய்ச் சொல்வது நல்லது. முடிவெட்டும் கடைக்குக் கூட்டமில்லாத நேரத்தில் போய், முதல் நாள் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு மட்டும் திரும்புங்கள்.

ஐந்தாவது, ஓடிப்போதல். இது உயிருக்கு ஆபத்தானது. கதவு திறந்திருந்தால் சொல்லாமல் போய்விடும் பிள்ளைகள் உண்டு. அவர்களில் பலருக்குத் தண்ணீர்மேல் தனி ஆசை. நமக்கோ ஒரு பக்கம் ஏரி, ஒரு பக்கம் ஜி.எஸ்.டி. சாலை. தாழ்ப்பாளை எட்டாத உயரத்தில் வையுங்கள். கையில் காப்பிலோ கழுத்து அட்டையிலோ தொலைபேசி எண்ணை எழுதிக் கட்டுங்கள். அக்கம்பக்கத்தாரிடமும் தெருமுனைக் கடைக்காரரிடமும் பிள்ளையைக் காட்டி, தனியே கண்டால் பிடித்து நிறுத்தச் சொல்லிவையுங்கள். இதைச் சொல்ல வெட்கப்பட்டு மறைக்கிற குடும்பமே அதிக ஆபத்தில் இருக்கிறது.

4. சோளவரிசையை எண்ணிய பையன்

கானர் எழுதிய 11 பிள்ளைகளில் முதலாவது பையன் டொனால்ட் ட்ரிப்லெட். 1933-ல் அமெரிக்காவில் மிசிசிப்பி மாகாணத்தில் ஃபாரெஸ்ட் என்ற சிற்றூரில் பிறந்தவர். வைத்தியர்கள் சொற்படி மூன்று வயதில் ஒரு விடுதியில் விடப்பட்டார். ஏறத்தாழ ஒரு வருஷத்தில் பெற்றோர் அவரைத் திரும்ப அழைத்துக்கொண்டார்கள். தகப்பனார் பிள்ளையின் நடத்தையைக் கூர்ந்து கவனித்து, 33 பக்கத்தில் கானருக்குக் கடிதம் எழுதினார். ஆட்டிசத்தைப் பற்றிய அறிவே அந்தத் தகப்பனாருடைய குறிப்பிலிருந்து தொடங்கியது என்று சொல்லலாம். நீங்களும் ஒரு நோட்டுப்புத்தகம் வைத்து, பிள்ளை எப்போது அழுதது, அதற்கு முன் என்ன நடந்தது, எதனால் அடங்கியது என்று தேதியோடு எழுதி வாருங்கள். இரண்டு வாரத்தில் காரணம் தானாய்த் தெரியத் தொடங்கும். வைத்தியருக்கும் அது பெரிய உதவி.

ஒன்பதாம் வயதில் டொனால்ட் ஊருக்கு வெளியே ஒரு விவசாயக் குடும்பத்தில் வளர விடப்பட்டார். அவர் எதையும் எண்ணிக்கொண்டும் அளந்துகொண்டுமே இருப்பார். அந்த விவசாயி அதைத் தடுக்கவில்லை. அளக்கிற ஆசைக்குக் கிணறு தோண்டவிட்டு ஆழத்தை அளந்து சொல்லச் சொன்னார். சோளவரிசையை எண்ணுகிற ஆசைக்கு, உழுதுகொண்டே எண்ணச் சொன்னார். 1945-ல் கானர் போய்ப் பார்த்தபோது பையன் குதிரை பூட்டி ஏர் ஓட்டிக்கொண்டிருந்தார்! பிறகு டொனால்ட் கல்லூரியில் படித்து 1958-ல் பட்டம் பெற்றார், பாங்கியில் வேலை பார்த்தார், கார் ஓட்டினார், பல தேசங்களுக்குப் பிரயாணம் செய்தார். ஊரார் அவரைத் தங்களில் ஒருவராக வைத்துக்கொண்டார்கள். 2023-ல் 89 வயதில் அதே ஊரில் காலமானார்.

எல்லாப் பிள்ளைகளும் இப்படி ஆவார்கள் என்று நான் சொல்லவில்லை. டொனால்டின் குடும்பம் வசதியுள்ளது. ஆனால் அந்த விவசாயியின் புத்தி வசதியைச் சேர்ந்ததல்ல. தாம்பரம், சானடோரியம், குரோம்பேட்டை, பல்லாவரம், திரிசூலம் என்று மின்சார ரயில் நிலையங்களை நாள் முழுவதும் ஒப்பிக்கிற பிள்ளையை வாயை மூடச் சொல்லாமல், நிலையங்களின் பெயரை எழுத வையுங்கள். தூரத்தையும் டிக்கெட் விலையையும் கூட்டிக் கணக்குக் கற்பியுங்கள்.

5. பெற்றோர் கேட்கும் கேள்விகள்

கேள்வி: இது குணமாகுமா?
விடை: ஆட்டிசத்தை நீக்கும் மருந்து இல்லை. பேச்சுப் பயிற்சி, அன்றாட வேலைப் பயிற்சி, நல்ல பள்ளிக்கூடம் ஆகியவற்றால் பிள்ளை முன்னேறும். தூக்கமின்மைக்கும் வலிப்புக்கும் வைத்தியர் மருந்து கொடுப்பார். முழுக்கக் குணமாக்குவோம் என்று விளம்பரம் செய்கிறவர்களிடம் நகையை விற்றுப் பணம் கட்டாதீர்கள். ஸ்டெம் செல் சிகிச்சையை ஆட்டிசத்துக்குப் பரிந்துரைப்பதில்லை என்று தேசிய மருத்துவ ஆணையம் 2022-ல் சொல்லியிருக்கிறது. உடம்பிலிருந்து உலோகத்தை எடுப்பதாய்ச் சொல்லும் சிகிச்சையால் 2005-ல் அமெரிக்காவில் ஐந்து வயதுப் பையன் இறந்தான்.

கேள்வி: மந்திரிப்பதும் தாயத்துக் கட்டுவதும் பயன் தருமா?
விடை: தராது. பிள்ளையைப் பேய் பிடித்ததாய்ச் சொல்லி அடிப்பதும் கட்டிவைப்பதும் கொடுமை. அப்படிப்பட்ட இடங்களுக்குக் கொண்டு போகாதீர்கள். ஜெபியுங்கள், பயிற்சியையும் விடாதீர்கள்.

கேள்வி: சட்டம் என்ன சகாயம் செய்கிறது?
விடை: 1995-ம் வருஷத்துச் சட்டத்தில் ஆட்டிசத்துக்கு இடமேயில்லை. டெல்லியில் மெர்ரி பருவா என்ற தாயார் 1991-ல் "ஆக்‌ஷன் ஃபார் ஆட்டிசம்" சங்கத்தைத் தொடங்கினார். இப்படிப் பெற்றோர் விடாமல் குரல் கொடுத்து வந்த காலத்தில், 1999-ம் வருஷத்துத் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தில் ஆட்டிசம் சேர்ந்தது. 2016-ம் வருஷத்துச் சட்டம் அதை 21 வகைக் குறைபாடுகளில் ஒன்றாய் ஏற்றது. சான்றிதழில் 40 சதவீதமும் அதற்கு மேலும் உள்ள பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வி உரிமை உண்டு. நிராமயா என்ற காப்பீட்டில் வருஷத்துக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவு பெறலாம். நமக்கு அருகில், முட்டுக்காட்டில், பல்வகைக் குறைபாடு உள்ளோருக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனம் 2005 முதல் நடந்து வருகிறது. அங்கே பரிசோதனையும் பயிற்சியும் உண்டு.

கேள்வி: எங்களுக்குப் பின் இவனை யார் பார்ப்பார்கள்?
விடை: எல்லாப் பெற்றோரையும் இரவில் தூங்கவிடாத கேள்வி இது. 18 வயதானபின் பெற்றோரானாலும் சட்டப்படி தாமாகப் பாதுகாவலர் ஆகிவிடமாட்டார்கள். பாதுகாவலர் தேவைப்படும் பிள்ளைக்கு, 1999-ம் வருஷத்துச் சட்டத்தின்படி கலெக்டர் தலைமையிலுள்ள மாவட்டக் குழுவுக்கு விண்ணப்பிக்க வேண்டும். அதைத் தள்ளிப்போடாதீர்கள். தானே குளித்து, உடுத்தி, காப்பி கலந்து, கடைக்குப் போய்வரக் கற்பிப்பதே நீங்கள் விட்டுச் செல்லும் பெரிய ஆஸ்தி.

6. தாய், தகப்பன், உடன்பிறந்தோர்

பாரமெல்லாம் தாயின்மேல் விழுவதே நம் வீடுகளில் வழக்கம். தகப்பன்மாரே, பயிற்சிக்குக் கூட்டிப்போவதையும் இரவு விழிப்பையும் பங்கிட்டுக்கொள்ளுங்கள். பிள்ளை இரண்டு மணிக்கு எழுந்தால் ஒரு நாள் அவர், ஒரு நாள் நீங்கள். மாமனார் மாமியார், மருமகளைக் குறை சொல்வதை விட்டு வாரத்தில் ஒரு மாலைப்பொழுது பிள்ளையைப் பார்த்துக்கொள்ளட்டும். மற்றப் பிள்ளைகளுக்கும் தனியே நேரம் ஒதுக்குங்கள். "நாங்கள் போனபின் அண்ணனை நீதான் பார்க்கவேண்டும்" என்று எட்டு வயதுப் பிள்ளையின் தோளில் இப்போதே ஏற்றாதீர்கள். மனம் சோர்ந்து உயிரே வேண்டாம் என்ற எண்ணம் வருகிற பெற்றோர், வெட்கப்படாமல் வைத்தியரிடம் சொல்லவேண்டும். என்னிடமும் சொல்லலாம், எந்த நேரமும் வாருங்கள்.

7. கோவிலில் நமது கடமை

எரிக்கோ பட்டணத்து வழியில் குருடன் பர்த்திமேயு சத்தமிட்டபோது, கூட்டத்தார் அவனைச் சும்மாயிருக்கும்படி அதட்டினார்கள். நம் ஆண்டவரோ நின்று அவனை அழைத்தார். நான் அன்று கூட்டத்தாரோடு நின்றேன்.

ஆகையால் இனி நம் கோவிலில் இவ்வாறு நடப்போம். பக்கவாசல் அருகே கடைசி இரண்டு வரிசைகள் இக்குடும்பங்களுக்கு. பிள்ளை எழுந்து நடக்கலாம், வெளியே போய்த் திரும்பி வரலாம். மணி அடிக்கும் முன் பீடச்சிறுவன் அவர்கள் பக்கம் பார்த்துக் கையை உயர்த்துவான். தாய் பிள்ளையின் காதை மூடிக்கொள்ளலாம். ஞாயிறு கூட்டம் தாங்காத பிள்ளைகளை வாரநாள் காலைப் பூசைக்குக் கூட்டி வாருங்கள். அதில் ஒலிபெருக்கி வைப்பதில்லை. பேசாத பிள்ளைக்குப் புதுநன்மை கிடையாது என்று யாரும் சொல்லவேண்டாம். அர்ச். பத்தாம் பத்திநாதர் 1910-ல், பிள்ளை தன் சக்திக்கேற்ப அறிந்து, இது சாதாரண அப்பமல்ல என்று வேறுபாடு தெரிந்தால் போதும் என்று தீர்மானித்தார். ஞானோபதேச வகுப்பில் படங்களைக் கொண்டு கற்பிப்போம்.

மற்றவர்களுக்கு ஒரு வேண்டுகோள். பிள்ளை அலறினால் திரும்பிப் பார்க்காதீர்கள். பூசை முடிந்தபின் அந்தத் தாயாரிடம் போய், "நான் என்ன உதவி செய்யட்டும்?" என்று கேளுங்கள். புத்தி சொல்ல வேண்டாம். பையைப் பிடித்துக்கொள்ளலாம், பஸ் வரும்வரை உடன் நிற்கலாம்.

பிள்ளையை வீட்டிலேயே வைத்துக்கொண்டு ஞாயிறுதோறும் முறைமாற்றிப் பூசைக்கு வருகிற குடும்பம் நம் பங்கில் இருக்குமானால், அவர்களை அறிந்தவர்கள் இந்தத் தாளைக் கொண்டுபோய்க் கொடுங்கள். அடுத்த ஞாயிறு எல்லாருமாய் வரச் சொல்லுங்கள். பிள்ளை சத்தமிட்டால் சத்தமிடட்டும். நான் பூசையை நிறுத்தமாட்டேன். யாரையும் வெளியே அனுப்பவும்மாட்டேன்.

உங்கள் பங்குக் குரு